ட்ரைபொட்டில் கமரா: லென்ஸின் அசைவுத் தடுப்பை எப்போது நிறுத்த வேண்டும்?

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் பொழுதுபட்டபின் ட்ரைபொட் வைத்து 10 செக்கன் திறந்து எடுத்த படத்தில், தூரத்து வெளிச்சப் புள்ளிகள் குட்டிக் கோடுகளாக இழுபட்டிருக்கின்றனவா? காற்றைத் திட்டுவதற்கு முதல் லென்ஸின் பக்கத்தில் இருக்கும் அசைவுத் தடுப்புச் சுவிச்சைப் பாருங்கள். கெனனில் ஐஎஸ், நிக்கோனில் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், டாம்ரனில் விசி. பெயர்தான் வேறு.

லென்ஸுக்குள் உள்ள கைரோ உணரிகள் கை நடுக்கத்தை அளக்க, ஒரு கண்ணாடித் தொகுதி அதற்கு எதிர்ப்பக்கம் நகரும். ட்ரைபொட்டில் நடுக்கம் இல்லாவிட்டாலும் உணரி சரியாகப் பூச்சியம் காட்டாது. அந்தச் சிறு பிழையையும் அசைவென்று எடுத்துக்கொண்டு கண்ணாடி மெல்ல ஊரும். 1/1000 செக்கனில் இது தெரியாது. ஷட்டர் நீள நீளத் தெரியும். 1995இல் கெனன் வெளியிட்ட 75-300 லென்ஸுக்கு, அதாவது அவர்களுடைய முதல் ஐஎஸ் லென்ஸுக்கு, ட்ரைபொட்டில் நிற்பதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. பிறகு வந்த பலவற்றுக்குத் தெரியும். உங்களுடையது எந்த வகை என்பதைச் சோதித்தே பாருங்கள்.

1. நடுத்தண்டை முழுதாக இறக்குங்கள். மணலென்றால் கால்களை அழுத்திப் புதையுங்கள். கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள்; காற்றில் அது அடிப்பதே படத்தைக் கெடுக்கும்.

2. தூரத்துக் கடைப் பெயர்ப்பலகை ஒன்றைக் குவியப்படுத்தி, தானியங்கிக் குவியத்தை நிறுத்துங்கள். ஆஸ்பத்திரி வீதி போன்ற இடத்தில் பஸ் கடந்துபோகும்வரை பொறுங்கள், நிலமே அதிரும்.

3. அசைவுத் தடுப்பைப் போட்டு, திரையில் 10 மடங்கு பெருப்பித்து, ஷட்டர் பொத்தானை அரைவாசி அழுத்திப் பிடியுங்கள். கை அழுத்தத்தில் வரும் ஆட்டம் ஒரு செக்கனில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் எழுத்துகள் நங்கூரமிட்ட வள்ளம்போல ஒரு பக்கமாக அசைந்து திரும்பினால், அது லென்ஸின் வேலை.

4. 2 செக்கன் டைமரில், 1/15, 1, 10 செக்கன்களில் ஐந்தைந்து படம் எடுங்கள். சுவிச்சை நிறுத்தி அதையே திரும்ப எடுங்கள். ஒரு படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஊர்தல் ஒவ்வொரு முறையும் ஒரேயளவாக இராது.

நிறுத்தியபின் படம் கூர்மையானால் விடை கிடைத்துவிட்டது. நிறுத்தியும் இழுபட்டால் பிழை ட்ரைபொட்டில்: தளர்ந்த தலை, இறுகாத கால் பூட்டு, அல்லது கொக்கியில் தொங்கி ஊசலாடும் பை. பையின் அடி நிலத்தில் தொடும்படி விட்டால் ஆட்டம் நிற்கும்.

சோளகம் பலமாக வீசும்போது, நீள லென்ஸுடன் 1/60 அளவில் எடுப்பதென்றால் தடுப்பைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே உண்மையான ஆட்டம் இருக்கிறது. ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்கும் அப்படித்தான். தலையைப் பூட்டாமல் பறவையைத் தொடர்ந்து திருப்புவதானால், சில லென்ஸ்களில் உள்ள இரண்டாம் நிலையை (Mode 2) போடுங்கள், அதாவது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் தடுப்பது. இவை தவிர, பூட்டிய ட்ரைபொட்டில் நீண்ட ஷட்டருக்கு நிறுத்துவதே பாதுகாப்பு.

கமரா உடலுக்குள்ளும் தடுப்பு இருந்தால் மெனுவில் அதையும் பாருங்கள். சில கமராக்களில் லென்ஸ் சுவிச் இரண்டையும் நிறுத்தும், சிலவற்றில் நிறுத்தாது.

ட்ரைபொட்டிலிருந்து கழற்றியதும் சுவிச்சைத் திரும்பப் போடுங்கள். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் கையில் பிடித்து எடுக்கும்போது, அது நிறுத்தியே கிடப்பது சின்னத் திரையில் தெரியவராது.