கிருமித் தாக்குதலுக்குத் தயாராவதில் நடக்கும் தவறுகள்

உயிரி பயங்கரவாதம் என்றதும் பலருக்கும் பாதுகாப்பு உடையும் சிறப்புப் படையும்தான் நினைவுக்கு வருகின்றன. முதல் தவறே அதுதான். குண்டு வெடித்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். கிருமியைப் பரப்பினால் சில நாள் கழித்து, சாதாரணக் காய்ச்சலாகவோ வயிற்றுப்போக்காகவோ அது மருத்துவமனைக்கு வரும். முதலில் சந்தேகப்பட வேண்டியவர் மருத்துவர், உறுதிசெய்ய வேண்டியது ஆய்வகம். அவர்களைக் கவனிக்காமல் கருவிகளை வாங்கிக் குவித்துப் பயனில்லை.

1984-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், தி டாலஸ் என்ற சிற்றூரில் 751 பேருக்கு, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற கிருமியின் தொற்று வந்தது. உள்ளூர்த் தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட வராமல் தடுக்க நினைத்த ரஜனீஷ் (ஓஷோ) ஆசிரமத்தினர் சிலர், உணவகங்களில் வைத்திருந்த சாலட்டில் கிருமியைக் கலந்திருந்தார்கள். சுகாதாரத் துறையோ உணவக ஊழியர்களின் சுத்தக்குறைவுதான் காரணம் என்று முடிவுகட்டியது. மறு வருடம் ஆசிரமத்து ஆய்வகத்தில் அதே கிருமி சிக்கியபோதுதான் உண்மை வெளிவந்தது. சுகாதாரத் துறையும் போலீஸும் முன்கூட்டியே சேர்ந்து பயிற்சி எடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமியைக் கடித உறைகளில் வைத்து அனுப்பினார்கள். அதில் நடந்தது இன்னும் வேதனையானது. கடிதம் பிரிக்கப்பட்ட செனட் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதே கடிதம் கடந்து வந்த, வாஷிங்டனின் பிரென்ட்வுட் அஞ்சல் மையத்திலோ வேலை தொடர்ந்தது. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியேறாது என்று நம்பியதுதான் காரணம். அங்கே இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். ஆபத்து எந்த வழியாக வந்தது என்று பார்த்து, அந்த வழியில் கைபட்ட எல்லோருக்கும் ஒரே வேகத்தில் மருந்து போக வேண்டும்.

எல்லாக் கிருமியையும் ஒன்றாகப் பார்ப்பதும் தவறு. பெரியம்மை ஆளுக்கு ஆள் பரவும், தனிமைப்படுத்த வேண்டும். மூச்சுவழி ஆந்த்ராக்ஸ் அப்படிப் பரவாது.

அப்புறம், மறைப்பது. 1979-ல் சோவியத் நகரமான ஸ்வெர்த்லோவ்ஸ்கில் ராணுவ ஆய்வகத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்றே சோவியத் அரசு சொல்லிவந்தது. 1992-ல்தான் ரஷ்ய அதிபர் யெல்த்சின் ராணுவத்தின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். இன்றைய சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, எல்லை தாண்டக்கூடிய அவசரநிலை என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்ன நாட்டின் மீது மற்ற நாடுகள் அவசரமாகப் பயணத் தடையும் வணிகத் தடையும் போட்டால், அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

கிருமிகளை ஆயுதமாக்குவதைத் தடைசெய்து 1975-ல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுதங்கள் உடன்படிக்கையில் கையெழுத்து இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதும் சரியல்ல. நாடுகள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. 2001-ல் அதற்கான பேச்சுவார்த்தை முறிந்தது, இன்னும் அந்த இடைவெளி அடைபடவில்லை.