புழுவெட்டுல புழுவே இல்லங்க: வட்டமா முடி கொட்டுனா என்ன பண்றது

மொதல்ல பாத்தது எங்க அக்கா தான், பின்னல் போட்டுட்டு இருந்தவ பொசுக்குனு கைய நிறுத்திட்டு "ஏண்டி, இங்க ஒத்த ரூபா காசு அளவுக்கு வழவழன்னு இருக்கு"ன்னா. அன்னைக்கே வீட்ல தீர்ப்பு சொல்லியாச்சு, புழுவெட்டு. சின்ன வெங்காயத்த உப்போட அரைச்சு தேய்ச்சா பூச்சி செத்துடும்னு பெரியம்மா சொல்ல, நானும் ஒரு வாரம் தேய்ச்சேன், பூச்சி சாகல, எனக்கு தோல் செவந்து கொப்புளம் தான் வந்துச்சு.

இதுக்குப் பேரு அலோபேசியா ஏரியேட்டா. நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்களே ஆள் தெரியாம முடியோட வேரத் தாக்குது, அவ்ளோ தான். ஒட்டாது, சீப்பு மாத்துனா வராது. 100 பேர்ல சுமார் 2 பேருக்கு வாழ்க்கைல எப்பவாச்சும் வருதாம். வேர் செத்துப்போறதில்ல, அதனால திரும்ப வளர வாய்ப்பு இருக்கு, சின்னதா ஒண்ணு ரெண்டு வட்டம்னா நெறைய பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள தானாவே வந்துடும்.

ஆனா இது அதுதானான்னு மொதல்ல பாருங்க. எடம் வழவழன்னு இருந்தா, ஓரத்துல அடி மெலிஞ்சு நுனி தடிச்ச குட்டி முடி நின்னா, நகத்துல ஊசி குத்துன மாதிரி குழி இருந்தா பெரும்பாலும் இதுதான். செதில் உதிர்ந்து அரிச்சா, அதுவும் குழந்தைங்களுக்குன்னா, படையா இருக்கலாம், அது ஒட்டும், மாத்திரை வேணும். வலியோ எரிச்சலோ இருந்து தழும்பு மாதிரி ஆகுதுன்னா நாள் கடத்தாதீங்க, அந்த வகைல வேரே போயிடும்.

போக வேண்டியது ஸ்கின் டாக்டர்கிட்ட. நான் மொதல்ல ஒரு ஹேர் க்ளினிக்கு போய், பேக்கேஜ் பேக்கேஜ்னு பேசி பணத்த கறந்தது தான் மிச்சம். ஸ்கின் டாக்டர் அந்த வட்டத்துலயே சின்ன ஊசியால ஸ்டீராய்டு போடுவாங்க, 4லேர்ந்து 6 வாரத்துக்கு ஒருக்கா, கட்டெறும்பு கடிச்ச மாதிரி சுருக்கு சுருக்குன்னு இருக்கும். தைராய்டு டெஸ்டும் எழுதலாம், ரெண்டும் சேந்து வர்றது உண்டு. முடி வளரணும்னு பயோட்டின்ங்கிற விட்டமின் மாத்திரை சாப்பிடுறவங்க அதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரிசல்ட்டையே மாத்திக் காட்டிடும். தலை முழுக்க போறவங்களுக்கு பேரிசிட்டினிப்னு மாத்திரை இருக்கு, 2022ல அமெரிக்கால அனுமதி குடுத்தாங்க, ஆனா ரத்தப் பரிசோதனையோட டாக்டர் கண்காணிப்புல தான், நிறுத்துனா திரும்ப கொட்டவும் செய்யும்.

தினமும் கண்ணாடில தடவித் தடவி பாக்காதீங்க, பைத்தியம் புடிக்கும். மாசம் ஒருக்கா ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ போதும். புதுசா வர்றது வெள்ளையா பூனை முடி மாதிரி வரும், நரைன்னு புடுங்கிடாதீங்க, அப்புறமா கறுக்கும்.

எனக்கு மருந்த விட கஷ்டமா இருந்தது சனங்க தான். தலை முக்கால்வாசி போனப்ப மிச்சத்தையும் மழிச்சுட்டேன், பஸ்ல "திருப்பதியாம்மா, பழனியா"ன்னு கேட்டா ஆமாம்னு தலையாட்டிடுவேன், சிலர் கீமோவான்னு காதுல கிசுகிசுப்பாங்க. தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரி: "எதிர்ப்பு சக்தி கோளாறு, ஒட்டாது, வைத்தியம் நடக்குது." அதுக்கு மேல கேட்டா பேச்ச மாத்திடுங்க. ஸ்கூல் போற புள்ளைன்னா இதையே கிளாஸ் டீச்சர்கிட்ட நேர்ல போய் சொல்லிடுங்க, கேலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.

வெயில்ல மொட்டத்தல சுட்டுடும், சன்ஸ்கிரீனோ தொப்பியோ வேணும். இமை முடி கொட்டிப் போனா தூசி நேரா கண்ணுக்குள்ள வரும், டூவீலர்ல கண்ணாடி இல்லாம போகாதீங்க.

விக் வாங்குனா உள்ள மெல்லிசா காட்டன் கேப் போடுங்க, இல்லாட்டி சித்திரை வெயில்ல வேர்வை நெத்தியில ஒழுகும். (நாம திருப்பதில குடுக்கிற முடி ஏலம் போய் விக்கா வருது, நான் காசு குடுத்து வாங்குனது யாரோட வேண்டுதலோ.) பூ வைக்கணும்னா ரெண்டு முழத்துக்கு மேல வேணாம். நாத்தனார் கல்யாணத்துல ஆசையா அஞ்சு முழம் மல்லி வெச்சேன், முகூர்த்தத்துக்குள்ள விக்கே பின்னாடி சரிஞ்சு நெத்தி ரெண்டு விரக்கட ஏறிடுச்சு, அக்கா தான் சாப்பாட்டுப் பந்தி மறைவுல இழுத்து விட்டா.