அம்மா வீட்டுக் கட்டிலும் பீரோவும்: முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள்

பெற்றவர்கள் போனபின் வீட்டைக் காலி செய்யப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பழைய சாமான் வியாபாரி வாசலுக்கு வருமுன் ஒரு மர ஆசாரி வீட்டுக்குள் வந்து பார்த்துவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "மொத்தமா ஒரு விலை பேசிக்கலாம்" என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்த மொத்த விலையில் தேக்குக் கட்டிலும் ஒட்டுப்பலகை மேஜையும் ஒன்றாகிவிடும். ஆசாரிக்கு ஒருநாள் கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். விற்பதிலும் வாங்குவதிலும் அவருக்கு ஆதாயம் இருக்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா வீட்டை ஒதுக்கியபோது அப்படித்தான் செய்தோம். வந்தவர் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினார். தேக்கென்றால் சுரண்டிய இடம் பொன்னிறப் பழுப்பாக இருக்கும், விரலில் எண்ணெய்ப்பசை தட்டும், தோல் வாசனை வரும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) என்றால் கருஞ்சிவப்பில் கறுப்பு வரி ஓடும். தூக்கும்போதே கனம் தெரிந்துவிடும். மேல்பூச்சை நம்பாதீர்கள். மாம்பலகைகூட வார்னிஷ் அடித்தால் தேக்கு நிறத்துக்கு வந்துவிடும். அலமாரி என்றால் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

அப்புறம் பூச்சி. கரையான் மண் பூசிக்கொண்டு வரும், கண்ணில் பட்டுவிடும். உளுவண்டு அப்படியல்ல. குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், கீழே மாவு மாதிரித் தூள் கிடக்கும். புழு மரத்துக்குள்ளேயே இருப்பதால், சாமான் போகிற வீட்டுக்கு அதுவும் கூடவே போகும். தூளைத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள். மறுபடி தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கை அது பெரும்பாலும் தொடாது. மாம்பலகை, மூங்கில், பிரம்பு இவற்றில்தான் கவனம் வேண்டும். பூச்சி இருக்கும் சாமானை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

ஸ்டீல் பீரோவை உங்களைத் தவிர வேறு யாரும் தொடுமுன் காலி செய்யுங்கள். பல பீரோக்களில் லாக்கருக்குள் இன்னொரு சின்ன இழுப்பறை மறைந்திருக்கும். லாக்கரின் அடியிலும் பின்னாலும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். தட்டில் விரித்த செய்தித்தாளை எடுத்துவிட்டு அதன் கீழே பாருங்கள். பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம், வீட்டுவரி ரசீது, அடகுக்கடைச் சீட்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். புடவைகளை ஒவ்வொன்றாக உதறுங்கள். எங்கள் அம்மா பட்டுப்புடவை மடிப்புகளில் 2000 ரூபாய் நோட்டுகளை வைத்திருந்தார். 2023 மே மாதம் அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தாலும் அது செல்லாத நோட்டு ஆகவில்லை. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுத்து மாற்றலாம், அஞ்சல் மூலம் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கவும் வழி உண்டு. 2016 நவம்பரில் செல்லாதென்று அறிவித்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் வேறு கதை. அவற்றை மாற்ற முடியாது, பத்துக்கு மேல் கையில் வைத்திருப்பதே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

யாருக்கு எது என்பதைச் சாமான் நகருமுன் பேசி முடிக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மா உயில் எழுதாமல் போயிருந்தால் அவருடைய சொத்தில் மகன், மகள், அப்பா இருந்தால் அவர் என எல்லாருக்கும் சமபங்கு. வீட்டுக்கும் நகைக்கும் மட்டுமல்ல, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அதே கணக்குதான். மருமகளுக்கு இதில் பங்கு கிடையாது. ஆனாலும் நாங்கள் முதலில் மதினியிடம்தான் கேட்டோம். கடைசிவரை அம்மாவுக்குக் குளிக்க ஊற்றி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டவர் அவர். "அத்தை உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி மட்டும் போதும்" என்றார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் பங்கு பேசுங்கள்.

மற்றதற்கெல்லாம் படம் எடுத்து, நீளம், அகலம், உயரம் எழுதி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டோம். ஒரே சாமானை இருவர் கேட்டால், அதை எந்த அறையில் போடுவீர்கள், யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். ஞாபகத்துக்காக வாங்கிப்போய் மொட்டைமாடி அறையில் போடுபவரைவிட, தினமும் அதில் உட்கார்ந்து காபி குடிக்கப் போகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஆச்சியின் ஊஞ்சல் தங்கச்சி வீட்டுக்குப் போனதும் அப்படித்தான். அவள் வீட்டில் கனம் தாங்கும் உத்திரம் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஈட்டி மரச் சாமானைக் கேட்டால், 2017 முதல் அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அனுப்புமுன் என்னென்ன அனுமதி வேண்டும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

பழைய கட்டிலைக் கழற்றச் சுத்தியலால் நேராக அடிக்கக் கூடாது. இடையில் ஒரு கட்டையை வைத்து அதன்மேல் தட்ட வேண்டும். துருப்பிடித்த திருகில் முந்தின இரவே மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுங்கள். எழுதாவிட்டால் போகிற இடத்தில் கால் மாறிப்போய்க் கட்டில் ஆடும். அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறதென்றால் அங்கே லிஃப்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு சாமான்தான் என்றால் குட்டி யானை வண்டி போதும், ஆனால் கட்டிலுக்கு அடியில் பழைய மெத்தையோ சாக்கோ விரிக்காமல் ஏற்றவிடாதீர்கள்.

பிரம்போ ஒயரோ அறுந்த நாற்காலியைச் சட்டம் நன்றாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். நாற்காலி பின்னுவதைப் பார்வையற்றோர் பலர் கைத்தொழிலாகச் செய்கிறார்கள், விசாரித்தால் உங்கள் ஊரிலும் ஆள் கிடைக்கும். மதினியின் நாற்காலியை அப்படித்தான் புதிதாகப் பின்னி வாங்கினோம்.

மிச்சத்தை விற்கும்போது ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள், குறைந்தது இரண்டு பேரிடம். கடைசல் வேலையுள்ள பழைய தேக்கு, ஈட்டிச் சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே அந்த மாதிரி எந்த விலைக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பேரம் பேசத் தைரியம் வரும். ஊஞ்சல் பித்தளைச் சங்கிலியை மரத்தோடு சேர்த்து விடாமல் எடை போட்டு விலை பேசுங்கள். நசுங்கிய ஸ்டீல் கட்டில் கிலோக் கணக்கில் போகும். பணம் கைக்கு வந்த அன்றே தொகையைக் குழுவில் எழுதி, ஆசாரி கூலியையும் வண்டி வாடகையையும் கழித்து, மீதியைப் பிரித்து அனுப்பிவிடுங்கள்.