பிக்கப் வண்டியின் பின் சேஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் போன வாரம், பின் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் பின்பகுதியை, அறுத்து மாற்ற கிரைண்டரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். தரையில் ஒரு சாக்பீஸ் குறிகூட இல்லை. "அளவு எடுத்தாச்சா?" என்று கேட்டேன். "புதுத் துண்டை வச்சுப் பாத்துக்கலாம்ணே" என்றார். பல வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். பேட்டரி வயரைக் கழற்றுவது, டீசல் டேங்கை இறக்குவது எல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

அளவு எடுக்காமல் அறுப்பது

கமான்பட்டையின் முன் கண்ணை (முன்முனை வளையத்தை) சேஸில் மாட்டும் ஹேங்கர்தான் பின் அச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. வெட்டு அந்த ஹேங்கருக்கு முன்னால் விழுந்தால், நீங்கள் பிசகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சக்கரத்தில் தெரியும்.

பல வருடத்துக்கு முன்னால், அன்று நான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அறுத்தேன். புதுத் துண்டைக் கண்ணளவில் நிறுத்தி முழுசாக வெல்டிங் அடித்தேன். ஒரு ஹேங்கர் 9 மி.மீ. முன்னால் போய்விட்டது. இரண்டு கமான்பட்டைகளுக்கும் நடுவே 1100 மி.மீ. இடைவெளி. அந்தச் சின்னக் கோணம், 3000 மி.மீ. தள்ளியிருக்கும் முன் சக்கரத்தை எட்டும்போது சுமார் 25 மி.மீ. விலகலாகிவிடும். வண்டி நேர் ரோட்டில் நண்டு மாதிரி சாய்ந்து போனது. ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றது. முன் சக்கர அலைன்மென்ட்தான் கெட்டிருக்கிறது என்று நினைத்து இரண்டு முறை செய்ய வைத்தேன். டயர் ஓரம் தேய்ந்து வந்த பிறகுதான் அடியில் படுத்து டேப் பிடித்தேன். நானே போட்ட வெல்டிங்கை நானே அறுத்தெடுத்த அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு மணி நேரம் அளவெடுத்திருந்தால் வந்திருக்காத வேலை அது.

செய்ய வேண்டியது இதுதான். மட்டமான தரையில், சேஸை ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். வெட்டுக்கு முன்னால், அசையாத பகுதியில் இருக்கும் துளைகளிலிருந்தும் ஹேங்கர்களிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை அளந்து எழுதுங்கள். உயரத்தையும் எழுதுங்கள், மூலை அளவு சரியாக இருந்தும் சேஸ் முறுக்கியிருக்கலாம். அடிபட்ட வண்டி என்றால் பழைய அளவை நம்பாதீர்கள், கம்பெனி கொடுக்கும் அளவுப் படத்தைத் தேடி எடுங்கள்.

அறுப்பதற்கு முன் சேஸ் அசையாதபடி இரும்பு ஆங்கிளால் குறுக்கே கட்டுங்கள். தனித்தனித் துண்டாக இருந்தால் ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கம். முதலில் டேக் (அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும், பிறகு அளவு, பிறகு வெல்டிங். அதையும் சின்னச் சின்னதாக, இடம் மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே ஓட்டமாக அடித்தால் வெல்டிங் ஆறும்போது சேஸை இழுத்துக்கொள்ளும். ஆறியபின் மறுபடி அளக்க வேண்டும். 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் வண்டியை இறக்குவதில்லை.

செங்குத்தாக வெட்டி ஒட்டுவது

ஒரே கோட்டில் நின்ற வெல்டிங், பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே விரியும். சாய்வாக வெட்டுங்கள், இரண்டு பக்க இணைப்பும் ஒரே நேரில் வரக்கூடாது. ஹேங்கர் பக்கத்திலோ கிராஸ் மெம்பர் (இரு பக்கச் சட்டத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) பக்கத்திலோ இணைப்பு வேண்டாம். இணைப்பின் மேலே தகடு வைத்தால் அதன் நுனி கூம்பி முடியட்டும். சதுர முனையின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். எந்த இடத்தில் வெட்டலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

துரு நின்ற இடத்தோடு நிறுத்துவது

சுத்தியலால் தட்டிக்கொண்டே முன்னால் போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். துரு தின்றது 'டப்' என்று அமுங்கும், உள்ளிருந்து செதில் உதிரும் சத்தமும் சேர்ந்து வரும். 'டங்' கேட்ட இடத்தையும் தாண்டித்தான் வெட்டுக்கோடு.

துத்தநாகப் பூச்சின் மேலேயே வெல்டிங்

தேய்த்தெடுத்துவிட்டு அடியுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

உள்பக்கத்தை மறப்பது

துரு பிடிக்காமலிருக்க சேஸுக்கு வெளியே பெயின்ட், உள்ளே மெழுகு.

தொங்கும் நிலையில் போல்ட் இறுக்குவது

கமான்பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில் தரையில் நின்றபின் இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை (அச்சைக் கமான்பட்டையோடு பிடித்திருக்கும் போல்ட்) மறுபடி பாருங்கள். பாரத்துக்கேற்ப பிரேக்கை மாற்றும் வால்வு பின்னால் இருந்தால், அதன் கம்பி பழைய அளவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.