புழுதி நெல்லில் எந்தச் சத்து இடிக்கிறது? கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும்

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புழுதியில் விதைத்து மழையை நம்பி நிற்கும் நெல்லுக்கும் நீர் கட்டிய வயல் நெல்லுக்கும் உரக்கணக்கு ஒன்றல்ல. நீர் தேங்கினால் மண்ணில் காற்று அற்றுப்போய் இரும்பு கரையும். அதோடு ஒட்டிக்கிடந்த மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) விடுபடும். புழுதி வயலில் இரண்டும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. ஆகவே பயிர் மஞ்சளித்ததும் யூரியா மூட்டையை அவிழ்க்காதீர்கள்.

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடி இலை ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. குருத்து இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இடையில் மஞ்சளித்து, பிறகு வெள்ளைக் காகிதம்போல் ஆனால் இரும்புக் குறை. மஞ்சளே இல்லை, கரும்பச்சையாகக் குட்டையாக நின்று தூர் கட்ட (பக்கக் கிளைகள் விட) மறுக்கிறதா? மணிச்சத்து. அடி இலையில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் வந்தால் துத்தநாகம். நுனியும் ஓரமும் காய்ந்தால் சாம்பல் சத்து (பொட்டாஷ்). ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள்: கரையானோ நூற்புழுவோ இருந்தால் உரம் பதில் ஆகாது.

இரும்புக் குறை திட்டுத்திட்டாகத் தெரிந்தால், அந்த இடத்து மண்கட்டியில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். அங்கே அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வெறுமனே தூவினால் சில நாளில் துருவாகி வீணாகும். தெளிப்பதே வழி: 10 லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி 100 கிராம், யூரியா 100 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம். கலந்த அன்றே, மாலையில் அடியுங்கள். பழுப்பாகிவிட்ட கரைசலால் பயனில்லை. இரும்பு பழைய இலையிலிருந்து குருத்துக்கு நகராது, அதனால் வாரம் ஒரு முறையாக மூன்று முறை தேவை. பலத்த மழையில் நீர் கட்டியதும் பச்சை தானே திரும்பும்தான். ஆனால் அதற்குள் தூர் கட்டும் பருவம் போயிருக்கும்.

மணிச்சத்தை மேலே தூவுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அது தூவிய இடத்தைவிட்டு அதிகம் நகராது, காய்ந்த மண்ணில் இன்னும் மோசம். ஏக்கருக்குச் சூப்பர் பாஸ்பேட் 62 கிலோவைச் சலித்த தொழுவுரம் 300 கிலோவோடு பிசிறி, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் மூடிவைத்து, விதைக்கும்போது அடியில் இடுங்கள். துத்தநாக சல்பேட் 10 கிலோவை இதோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இரண்டும் பிணைந்து கரையாமல் போகும். மணலோடு கலந்து தனியாகத் தூவலாம்.

தழைச்சத்து ஏக்கருக்கு 20 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஏறக்குறைய ஒன்று. பாதியை முளைத்த 20–25ஆம் நாளிலும் மீதியை 40–45ஆம் நாளிலும், பொட்டாஷ் 17 கிலோவையும் அப்படியே இரண்டாகப் பிரித்து இடுங்கள். களையெடுக்காமல் போட்டால் கோரைதான் கொழுக்கும். காய்ந்த மண்ணில் போட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போகும். மழை பெய்து ஈரம் இருக்கும் மறுநாள்தான் நேரம்.

எது இடிக்கிறது என்று இன்னும் ஐயமா? வரப்பு கட்டி, ஒவ்வொன்றும் 20 சதுர மீட்டராக நான்கு பாத்தி பிரியுங்கள். ஒரு பாத்திக்கு மட்டும் யூரியா 215 கிராம், சூப்பர் 310, பொட்டாஷ் 80 என எல்லாம் இடுங்கள். மற்ற மூன்றில் பாத்திக்கு ஒரு உரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அறுத்துக் காயவைத்து எடை போடும்போது, எதை விட்ட பாத்தி மிகக் குறைகிறதோ அதுதான் உங்கள் வயலின் முட்டுக்கட்டை. ஓரத்து இரண்டு வரிசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வைக்கோலை விற்பவர்கள் பொட்டாஷை விட்ட பாத்தியை மறுவருடமும் பாருங்கள்: சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலோடுதான் வண்டியேறுகிறது, குறை தெரிய ஒரு பட்டம் (பயிர்ப் பருவம்) போதாது.