குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஜெர்மனியில் வேலையிழப்புப் பணம் வாங்குவது: மணி நேரக் கணக்கு எங்கே தவறுகிறது

வேலை போய்விட்டது. குழந்தையின் கிட்டாவோ (பகல்நேரப் பராமரிப்பகம்) மதியம் 2 மணிக்கு மூடிவிடும். "முழுநேரம் வேலைக்குப் போக முடியாது, நமக்கு எங்கே பணம் தரப்போகிறார்கள்" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிற நம்மவர்கள் நிறைய. அது வீண் இழப்பு. வாரத்துக்கு 15 மணி நேரமாவது வேலை செய்யத் தயார் என்றால் ஆர்பைட்ஸ்லோசன்கெல்ட் என்ற வேலையிழப்புப் பணம் கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்கள் எழுதிக்கொடுக்கும் மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. அதனால் இந்தப் பதிவில் அதற்கே அதிக இடம்.

இங்கே சொல்வது சம்பளத்திலிருந்து வேலையிழப்புக் காப்பீடாகப் பிடித்த பணத்துக்கு ஈடாக வருவது. அதைத் தருவது நாம் பழக்கத்தில் ஆர்பைட்ஸ்அம்ட் என்று சொல்லும் ஆகென்டூர் ஃபூர் ஆர்பைட். ஜாப்சென்டர் வேறு அலுவலகம். அங்கே போய் நிற்க வேண்டாம்.

படி 1: உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்

கடைசி 30 மாதங்களில் மொத்தம் 12 மாதம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். குழந்தைக்காக வீட்டில் இருந்த காலமும் அதன் 3 வயது நிறையும்வரை இதில் சேரும். இரண்டு நிபந்தனைகள்: அதற்கு நேர் முன்பு நீங்கள் காப்பீட்டுள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும், குழந்தையோடு ஜெர்மனியில் வசித்திருக்க வேண்டும். "இரண்டரை வருஷம் எல்டர்ன்சைட்டில் (பெற்றோர் விடுப்பில்) இருந்துவிட்டேன், எல்லாம் போச்சு" என்பது பெரும்பாலும் தவறான பயம்.

50 வயதுக்குக் கீழே என்றால் 12 மாதக் காப்பீட்டுக்கு 6 மாதம், 24 மாதத்துக்கு 12 மாதம் பணம் வரும்.

படி 2: வேலை முடிவதற்கு 3 மாதம் முன்பே பதியுங்கள்

"வேலை தேடுகிறேன்" என்ற பதிவு வேறு, "வேலையில்லாமல் இருக்கிறேன்" என்ற பதிவு வேறு. முதலாவதை வேலை முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பே செய்ய வேண்டும். அவ்வளவு அவகாசம் இல்லாமல் வேலைநீக்கக் கடிதம் வந்தால், தெரிந்த 3 நாட்களுக்குள். தவறினால் ஒரு வாரப் பணம் போகும். ஒப்பந்தக் காலம் முடிந்து நிற்கும் வேலைக்கும் இதே விதிதான்.

இரண்டாவதை வேலையில்லாத முதல் நாளுக்குள் செய்துவிடுங்கள். பதிந்த நாளிலிருந்துதான் பணம், முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள். இணையத்திலும் பதியலாம், ஆனால் அட்டையின் மின்னணு அடையாள வசதியும் 6 இலக்கப் பின் எண்ணும் (PIN) வேண்டும். நம் வதிவிட அட்டையிலும் அந்த வசதி உண்டு என்றாலும், பின் கடிதத்தை எங்கே வைத்தோம் என்று தேடியே பலருக்கு நாள் போகிறது. பின் கையில் இல்லையென்றால் யோசிக்காமல் நேரில் போய்விடுங்கள். நேரில் போவதுதான் என் பரிந்துரையும்கூட: கேள்வி வந்தால் அங்கேயே பதில் சொல்லிவிடலாம்.

படி 3: மணி நேரத்தைக் கணக்கிடுங்கள் (இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்)

விண்ணப்பத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடியும் என்ற கேள்வி வரும். முன்பு செய்த அதே அளவு முடியுமா, குறைவாகத்தான் முடியுமா, குறைவென்றால் ஏன் என்று கேட்பார்கள். இதற்கு மனதில் தோன்றியதை எழுதாதீர்கள். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டா காலை 8 முதல் மதியம் 2 வரை என்று வைப்போம். அது 6 மணி நேரம். குழந்தையை விட்டுவிட்டு வேலையிடம் போய்ச் சேர அரை மணி, திரும்ப வர அரை மணி. மிச்சம் 5. வாரம் 5 நாள் என்றால் 25 மணி நேரம். கணவரோ மனைவியோ வாரத்தில் இரண்டு நாள் மாலையில் அழைத்து வர முடியுமென்றால் அந்த நாட்களில் 7 மணி நேரம்வரை நீட்டலாம், மொத்தம் 29. அதுதான் உங்கள் எண்.

இப்போது பணத்துக்கு வருவோம். முன்பு 40 மணி நேர வேலை, மாதம் 3,600 யூரோ மொத்தச் சம்பளம் என்றால், 25 மணி நேரத்துக்குக் கணக்கில் எடுப்பது 3,600-இல் 40-க்கு 25 பங்கு, அதாவது 2,250 யூரோ. அதில் சமூகக் காப்பீட்டுக்கென்று நிலையாக 20 சதவீதம் கழிந்தால் 1,800. பிறகு வரி கழியும். மிச்சத்தில் குழந்தை இருப்பவருக்கு 67 சதவீதம், இல்லாதவருக்கு 60. வரியைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் 1,206 யூரோ. 29 மணி நேரம் என்றால் இதே கணக்கு 1,399 வரை ஏறும். 40 என்றால் 1,930-ஐ நெருங்கும். மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கூட்டிக் கழித்தால் மாதத்துக்கு 190 யூரோ வித்தியாசம்.

முன்பு செய்ததே 25 மணி நேரம் என்றால் இப்போது 25 எழுதினால் எதுவும் குறையாது. ஒப்பீடு உங்கள் பழைய மணி நேரத்தோடுதான், 40-ஓடு அல்ல.

இதில் மூன்று குழிகள் உண்டு.

14 என்று எழுதினால் ஒன்றுமே கிடையாது. 15 தான் வாசல். ஏழு நாளில் எப்படியோ ஒட்டவைத்த 15-ஆகவும் இருக்கக் கூடாது; உங்கள் தொழிலில் அப்படி ஆள் எடுப்பது வழக்கமாக இருக்க வேண்டும். அலுவலக வேலைக்குக் காலை நேரம் மட்டும் என்பது சாதாரணம். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் அடுப்பே பற்றவைக்கும் உணவகத்தில் சமையல் வேலை தேடுபவர் காலை 9 முதல் 12 வரை மட்டும் என்றால், அங்கே கேள்வி வரும்.

அதிகப் பணத்துக்காக 40 என்று எழுதுவதும் ஆபத்து. நாளைக்கே முழுநேர வேலை ஒன்றைக் காட்டுவார்கள். அப்போது "குழந்தை இருக்கிறது, பாதி நேரம்தான் முடியும்" என்று சொன்னால் செல்லாது. குறிப்பிட்ட ஒரு வேலை வாய்ப்பைக் காட்டிய பிறகு பகுதிநேரத்துக்குச் சுருங்குவதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. சுருங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: பணம் குறைந்தாலும் நாட்கள் நீள்வதில்லை. பாதிப் பணம் வாங்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் உரிமையில் முழு நாளாகவே கழிகிறது. இன்னும் 6 வாரத்தில் கிட்டா நேரம் கூடப்போகிறது என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள். குறைப்பு அந்தத் தடை இருக்கும் காலத்துக்கு மட்டும்தான். நேரம் கூடிய அன்றே தெரிவித்தால் தொகையும் கூடும். தெரிவிக்காதவருக்குத் தானாகக் கூடாது.

படி 4: குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதைத் தாளில் வைத்திருங்கள்

"பார்த்துக்கொள்வோம்" என்ற பதில் உதவாது. கிட்டா ஒப்பந்தம், டாகெஸ்முட்டரோடு (தன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்) செய்த ஒப்பந்தம், உறவினர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம்: எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று எழுதியிருந்தால் போதும். அந்த நேரங்கள் படி 3-இல் எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். முழுநேரம் வேலைக்குப் போகும் கணவர் காலை 9 முதல் 1 வரை குழந்தையைப் பார்ப்பார் என்று எழுதிக்கொடுத்தால் அது நிற்காது.

ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து பார்ப்பார்கள் என்று எழுதுபவர்களுக்கு: ஷெங்கன் வருகை விசா 180 நாளில் 90 நாள்தான். அவர்கள் விமானம் ஏறும் நாளுக்குப் பிறகு யார் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கிட்டாவில் இடம் கிடைத்த புதிதில் ஐன்கெவோனுங் என்ற பழக்கும் காலம் வரும். அந்த வாரங்களில் பெற்றோர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அது நீங்கள்தான் என்றால் அந்த நேரத்தில் நீங்கள் வேலைக்குத் தயார் இல்லை என்றாகிவிடும், பணம் நிற்கலாம். முடிந்தால் துணைவர் விடுப்பு எடுத்து உட்காரட்டும். அல்லது வேலை முடியும் தேதிக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். 1 வயது நிறைந்த குழந்தைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. இடம் இல்லை என்று வரும் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

படி 5: முடிவுக் கடிதத்தைப் படியுங்கள்

பெஷைட் என்ற அந்தக் கடிதம் வந்ததும் நான்கு இடம் பார்க்க வேண்டும்: அடிப்படைச் சம்பளம், மணி நேரம், 67-ஆ 60-ஆ, வரிப் பிரிவு. கணவர் 3 (வரிப் பிடித்தம் குறைவு), மனைவி 5 (பிடித்தம் அதிகம்) என்று வரிப் பிரிவு வைத்திருக்கும் வீடுகளில் மனைவியின் வேலை போனால் தொகை மோசமாகக் குறையும். மாற்றுவதாக இருந்தால் வேலை முடிவது தெரிந்த உடனேயே வரி ஆலோசகரிடம் கேளுங்கள். பிறகு மாற்றினால் பலன் குறைவு.

எதாவது தவறென்றால் ஒரு மாதத்துக்குள் வீடர்ஷ்புருக் (ஆட்சேபக் கடிதம்) எழுதலாம். செலவில்லை. காரணத்தைப் பிறகு அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாலே கெடு காப்பாற்றப்படும்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

*குழந்தைக்காக நானே வேலையை விட்டால்?* 12 வாரம் பணம் தடை, மொத்த உரிமை நாட்களிலும் குறைந்தது கால்வாசி போகும். தக்க காரணம் இருந்தால் தடை வராது. ஆனால் விடுவதற்கு முன் முயன்றீர்களா என்று பார்ப்பார்கள். நேரத்தைக் குறைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், அவர்கள் மறுத்த பதில், கிட்டாவின் மறுப்பு மூன்றும் கையில் இல்லாமல் ராஜினாமா எழுதாதீர்கள். இருவரும் பேசி முடிக்கும் ஆஃப்ஹெபுங்ஸ்ஃபெர்ட்ராக் ஒப்பந்தத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

*மூன்று வருடம் சம்பளமே இல்லை, எதை வைத்துக் கணக்கிடுவார்கள்?* கடைசி 2 வருடத்தில் 150 நாள் சம்பளம் இல்லையென்றால் பழைய சம்பளத்தை எடுக்கமாட்டார்கள். தகுதியை நான்கு பிரிவாக்கி ஒரு கற்பனைச் சம்பளம் வைப்பார்கள். பல்கலைக்கழகப் படிப்பு தேவைப்படும் வேலை மேலே, பயிற்சியே தேவையில்லாத வேலை அடியில். அடியில் இருப்பது மேலே இருப்பதில் சரிபாதி. அண்ணா பல்கலைக்கழகப் பட்டமோ மொரட்டுவைப் பட்டமோ, அதன் ஜெர்மன் மதிப்பீட்டுச் சான்றை விண்ணப்பத்தோடே வையுங்கள். எந்தப் பிரிவு என்பது முதல் சந்திப்பில் எந்த வேலையைத் தேடுவதாகப் பேசுகிறீர்கள் என்பதிலும் தொங்குகிறது. "எந்த வேலையானாலும் சரி" என்று பணிவாகச் சொல்வது இங்கே நஷ்டம்.

*சின்ன வேலை செய்யலாமா?* வாரம் 15 மணி நேரத்துக்குள், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு. மாதம் 165 யூரோ வரை கழிக்கமாட்டார்கள்.

*விசா பாதிக்குமா?* இது நீங்கள் கட்டிய காப்பீட்டுப் பணம் என்பதால் அரசுச் செலவில் வாழ்வதாக எண்ணமாட்டார்கள். ஆனால் ப்ளூ கார்டு போன்ற வேலை விசாவில் இருப்பவர், ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே வேலை முடிந்தால், தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்பைட்ஸ்அம்டில் பதிந்தது அங்கே சொன்னதாக ஆகாது.

*ஊருக்குப் போகலாமா?* வருடத்துக்கு 3 வாரம்வரை, முன் அனுமதியோடு. டிக்கெட் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.