இரண்டு நட்சத்திரங்கள் உண்மையிலேயே ஜோடியா? கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்

பக்கத்து பக்கத்தில் தெரியும் இரண்டு நட்சத்திரங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம், நாலு நிலா அகலத்துக்குத் தள்ளி நிற்பவை ஈர்ப்பால் கட்டுண்டு ஒன்றையொன்று சுற்றிக்கொண்டும் இருக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் அகன்ற இரட்டை விண்மீன். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான ப்ராக்சிமா சென்டாரியை வைத்தே செய்து பார்ப்போம். 1915-இல் ராபர்ட் இன்னஸ் அதைக் கண்டுபிடித்தார், ஆனால் அது பக்கத்திலுள்ள ஆல்ஃபா சென்டாரி என்ற இரட்டை நட்சத்திர ஜோடியைச் சுற்றுகிறது என்று உறுதியாக நூறு வருடம் ஆனது.

முதலில் இரண்டும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பாருங்கள். இரண்டுமே வருடத்துக்கு 3.7 முதல் 3.9 வில்விநாடி, ஏறக்குறைய ஒரே திசையில் நகர்கின்றன (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்குதான் வில்விநாடி). சரி, மேலே போகலாம்.

அடுத்து இடைவெளி. வில்விநாடியை பார்செக்கால் (சுமார் 3.26 ஒளியாண்டு) பெருக்கினால் நேராக வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்) விடை வந்துவிடும், பார்செக்கை வரையறுத்ததே அப்படித்தான். வானத்தில் 2.18 டிகிரி, அதாவது சுமார் 7,850 வில்விநாடி. தூரம் சராசரியாக 1.32 பார்செக், பெருக்கினால் சுமார் 10,400. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், இது குறுக்குவாட்டு இடைவெளி மட்டுமே. ஆல்ஃபா ஜோடியைவிட ப்ராக்சிமா நமக்கு 0.12 ஒளியாண்டு கிட்டத்தில் இருக்கிறது, அது சுமார் 7,600 வானியல் அலகு. பிதாகரஸ் போட்டால் கிட்டத்தட்ட 13,000. நெப்டியூன் சூரியனிலிருந்து 30-தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். மூன்று நட்சத்திரங்களின் மொத்த நிறை சுமார் 2.13 சூரிய நிறை. அதை 13,000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 42-ஆல் (சூரியனிலிருந்து ஒரு வானியல் அலகு தூரத்தில் அதன் பிடியை விட்டுப் போகத் தேவையான வேகம், விநாடிக்கு கிலோமீட்டரில்) பெருக்குங்கள்: விநாடிக்கு 0.54 கிலோமீட்டர். இந்த வேகத்தைத் தாண்டினால் பிடி விட்டுப் போய்விடும். ஆல்ஃபா ஜோடியைப் பொறுத்து ப்ராக்சிமாவின் அளந்த வேகம் சுமார் 0.27 தான், பாதி. ஆக, ப்ராக்சிமா பிடிக்குள்தான் இருக்கிறது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்த 0.27-ஐ அளப்பதில்தான் பாடே. சூரியனைப் போன்ற நட்சத்திரத்தின் ஒளி அதன் சொந்த ஈர்ப்பிலிருந்து வெளியேறும்போதே விநாடிக்கு 0.6 கிலோமீட்டர் விலகிப்போவது போல சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும், மேற்பரப்பில் கொதித்து மேலே வரும் வாயு கொஞ்சம் நீலப் பக்கம் இழுக்கும். இவற்றைக் கழிக்காவிட்டால் நாம் தேடும் எண்ணைவிடப் பிழை பெரிதாகிவிடும். அதைச் சரிசெய்துதான் 2017-இல் முடிவை வெளியிட்டார்கள்.

சுற்றுக்காலமும் வேண்டுமா? அரைப் பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீண்ட அச்சில் பாதி) 8,700 வானியல் அலகு. மும்மடி எடுத்து, 2.13-ஆல் வகுத்து, வர்க்கமூலம்: சுமார் 5,50,000 வருடம். இப்போதிருக்கும் 13,000-ஐ இங்கே போட்டுவிடாதீர்கள், பாதை நீள்வட்டம், ப்ராக்சிமா இப்போது தொலைவு முனையை ஒட்டி இருக்கிறது.

அப்புறம், இன்னொரு அகன்ற இரட்டையான ஸீட்டா ரெட்டிகுலையை நீங்களே போட்டுப் பாருங்கள்: 309 வில்விநாடி, 12 பார்செக். குறுக்குவாட்டில் 3,700 வந்தால் சரி.